செண்பகவல்லி வைத்த உலை

கோவில்பட்டியிலிருந்து கிளம்பி, திருச்சியில் விமானம் ஏறி, கடல் தாண்டி, மலேசியாவில் கோலா பெனாரி என்று வாயில் நுழையாத பேருள்ள ஒரு மீன்பிடி ஊரில் ஐந்து நாள் சிக்கிக்கொண்ட முப்பத்திரண்டு பேரில், முப்பத்தொரு பேர் ஊர் பார்க்கப் போனவர்கள், ஒருத்தி சமைக்கப் போனவள். அந்த ஒருத்தி என் சின்னண்ணன் திரவியத்தின் பெண்டாட்டி செண்பகவல்லி, எனக்கு மதினி. இதைச் சொல்கிற நான் ஆவுடை, கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறவள். எழுத உட்கார்ந்ததுமே எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்பது போகப்போகத் தெரியும்.

எங்கள் பெரியண்ணன் குற்றாலம் ஒன்பது வருஷமாகச் சுற்றுலா நடத்துகிறான். விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் அவன் போடுவது ஒன்றுதான்: எங்கு சென்றாலும் நம் வீட்டுச் சாப்பாடு. அந்த நம் வீட்டுச் சாப்பாடு என்பது செண்பகவல்லி மதினியின் இரண்டு கை. காசிக்குப் போனாள், காசியில் அவள் பார்த்தது ஒரு குழாயடி. நேபாளத்துக்குப் போனாள், அங்கே பார்த்தது ஒரு சத்திரத்தின் பின்கட்டு. கண்டியில் எல்லாரும் தந்தம் நீண்ட யானையோடு நின்று படம் பிடித்துக்கொண்டபோது அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷத்துப் படங்களையும் எடுத்துப் பார்த்தால் ஒன்றில் மட்டும் ஓரத்தில் ஒரு முழங்கையும் இரண்டு வளையலும் தெரியும். அது அவள்தான்.

பெரியண்ணன் கையடக்கமான வெண்கலப் பிள்ளையார் ஒன்றைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவருவான். எந்த ஊரில் எந்த அடுப்பில் எது வெந்தாலும் பிள்ளையாருக்குக் காட்டிய பிறகுதான் பந்தி, அதற்கு முன் சமைக்கிறவள் ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால்கூட அத்தனையும் எச்சில். ஆகவே மதினி கண்ணாலும் மூக்காலும்தான் உப்புப் போட்டாள். பந்தியில் சின்னண்ணன் முதல் கவளத்தை மென்று, தலையைத் தூக்காமல், "உப்பு கம்மி" என்பான். காசியில் சொன்னான், காட்மாண்டுவில் சொன்னான், சிங்கப்பூரில் பத்தாவது மாடியில் சொன்னான், உப்பு சரியாக இருந்த நாளிலும் சொன்னான். எல்லாரும் தின்று கைகழுவி, பாத்திரம் ஒழித்து, அவள் வந்து உட்காரும்போது சோறு ஆறி விறைத்துக் கட்டி கட்டியாக இருக்கும். அதைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து சாப்பிடுவாள்.

ஒருநாள் என்னிடம் சொன்னாள், "ஆவுடை, எனக்குக் காசியும் வேண்டாம், ராமேஸ்வரமும் வேண்டாம். நான் சமைக்காத ஒண்ண, சூடா, உக்காந்து சாப்பிடணும். ஒரே ஒரு தடவ." நான் சிரித்தேன், வேறு எதுவும் செய்யவில்லை.

கோலா பெனாரியில் நாங்கள் நின்றது பஸ்ஸின் கியர்பாக்ஸ் உடைந்ததால். உடைந்த பாகம் கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும், ஐந்து நாள் ஆகும் என்றார்கள். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு லாட்ஜ் கிடைத்தது. கீழே பந்தி போட ஒரு கூடம், பின்னால் சமைக்க ஒரு தாழ்வாரம். பத்து மைல் தள்ளி ஒரு தமிழர் சாப்பாட்டுக் கடை இருந்தது, அங்கே ஆட்டுக்கறியும் சாம்பாரும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் கொதிப்பதைப் பார்த்துவிட்டுப் பெரியண்ணன் வாசலோடு திரும்பி வந்தான். லாட்ஜுக்கு நேர் எதிரே ஒரு சீன ரொட்டிக்கடை. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அதிலிருந்து வெண்ணெயும் வறுத்த எள்ளும் முறுகிய சர்க்கரையும் கலந்த ஒரு வாசனை ரோட்டைத் தாண்டி வந்து, கூடத்தில் படுத்திருந்தவர்களை மிதித்துக்கொண்டு, நேராகப் பின்தாழ்வாரத்துக்குப் போகும்.

இரண்டாம் நாள் அந்த வாசனை வந்தபோது மதினி அருவாமனையை மடக்கி வைத்தாள்.

"ஆவுடை, வாரியா? ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவோம்."

கடைக்காரிக்கு அறுபது வயதிருக்கும், குட்டையான தலைமுடி, முழங்கைவரை மாவு, பெயர் ஆ மோய். நாங்கள் வாசலில் தயங்கி நின்றதைப் பார்த்து, மலேசியாக்காரர்கள் பேச்சின் முடிவில் ஒட்டும் 'லா'வோடு தமிழில் பேசினாள். "உள்ள வா தங்கச்சி. பயப்படாத லா. நா ரப்பர் எஸ்டேட்ல பொறந்த ஆளு. எங்கப்பா அங்க மளிகைக் கட வச்சிருந்தாரு, தமிழ்ப் புள்ளைங்க கூடதான் வெளாண்டது."

அப்போது அடுப்பில் மணி அடித்தது. ஆ மோய் தட்டை வெளியே இழுத்தாள். பொன்னிறத்தில் உருண்டை உருண்டையாக, ஒவ்வொன்றின் நெற்றியிலும் சிவப்பாக ஒரு முத்திரை. கடைக்கு வெளியே வாங்குவதற்கு நாலைந்து பேர் நின்றார்கள். அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை. தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அவசரமில்லாமல் முழுதையும் தின்றாள். வெளியே நின்றவர்களும் அது வழக்கம்தான் என்பதுபோலக் காத்திருந்தார்கள்.

மதினியால் அதைத் தாங்க முடியவில்லை. "நீங்களே மொதல்ல சாப்பிடுறீங்களே அக்கா?"

"பின்ன? செஞ்சது நானு. எனக்கே தெரியாம ஒனக்கு எப்டிக் குடுக்கறது?"

இரண்டாவதை ஒரு தட்டில் வைத்து மதினியிடம் கொடுத்தாள். மதினி நின்றுகொண்டே வாயில் போடப் போனாள், ஆ மோய் தோளைப் பிடித்து அழுத்தி முக்காலியில் உட்காரவைத்தாள். நூறு மடிப்பாக உதிர்ந்தது மேல்தோடு. உள்ளே அரைத்த பாசிப்பயறு, நம்மூர்ச் சுசியத்தின் பூரணம் மாதிரி, ஆனால் இனிப்புக்கு நடுவில் வறுத்த வெங்காயமும் அளவான உப்பும். பிறகு எள்ளில் புரட்டிப் பொரித்த உருண்டை வந்தது, கடித்தால் உள்ளே சிவப்புப் பயறு கொழகொழவென்று நாக்கைச் சுட்டது. பிறகு குட்டிக் காகிதக் கிண்ணத்தில், தொட்டால் நடுங்குகிற மஞ்சள் முட்டை டார்ட். பிறகு தேங்காய்ப்பால் ஜாம் வைத்த பன், அன்னாசிப்பழ ஜாம் வைத்த பன். மதினி ஐந்தும் தின்றாள். மென்று விழுங்குவதற்கு நடுவில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "சூடா இருக்கு ஆவுடை." கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் மூன்று தின்றேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பிப் போனபோது ஐந்து மணிக் காப்பிக்கு அரைமணி நேரம் தாமதமாகிவிட்டது. கூடத்தில் எல்லாரும் டம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், தேசத்துக்கே ஏதோ ஆகிவிட்ட மாதிரி முகம்.

"எங்க போன?" என்றான் பெரியண்ணன்.

"எதுத்தாப்புல கடைக்கு, அத்தான்."

"தின்னியா?"

"தின்னேன்."

சின்னண்ணன் எழுந்தான். முப்பது பேர் பார்க்க, அவளுடைய உதட்டோரத்தில் ஒட்டியிருந்த எள்ளைக் காட்டி, "ஊரு விட்டு ஊரு வந்ததும் நாக்கு நீளுதோ? அவ என்ன கொழுப்புல சுட்டாளோ, அந்த வாயோட வந்து எல்லாத்துக்கும் உல வைப்பியா? போ, தலைக்கு ஊத்திட்டு வா. வாயக் கொப்புளிச்சிட்டு அப்புறம் பாத்திரத்தத் தொடு" என்றான். ஒருத்தரும் சும்மா இருடா என்று சொல்லவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நெல்லையப்பன் மாமா தலையை ஆட்டினார். பிறகு சின்னண்ணன் என் பக்கம் திரும்பி, "நீயும் தின்னியாட்டி?" என்றான்.

"நான் வெளிய நின்னேன்" என்றேன்.

மதினி என்னைப் பார்த்தாள். குளிக்கப் போனாள். ஈரத்தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, ஐந்து கிலோ அரிசியைக் களைந்து பெரிய மின்சாரக் குக்கரில் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடினாள்.

நேரமானதும் திறந்தாள். சோறு இல்லை. வட்டம் வட்டமாக, காகிதக் கிண்ணத்தோடு முட்டை டார்ட் அடுக்கியிருந்தது, அதன் அடியில் எள் உருண்டை, அதற்கும் அடியில் நெற்றியில் சிவப்பு முத்திரையோடு பாசிப்பயறு உருண்டை. குக்கரிலிருந்து ஆவி குபுகுபுவென்று எழுந்தது, ஆனால் எதைத் தொட்டாலும் ஜில்லென்று, முந்தாநாள் செய்தது மாதிரி ஆறிப்போயிருந்தது. மதினி ஆச்சரியப்படவில்லை. எப்போதும்போல ஒரு தட்டில் எடுத்து வைத்துப் பிள்ளையாருக்குக் காட்டினாள், எப்போதும்போலப் பந்தியில் ஆளுக்கு இவ்வளவென்று பரிமாறினாள், மேலே சாம்பாரும் ஊற்றினாள். சின்னண்ணன் ஒரு டார்ட்டைச் சாம்பாரில் பிசைந்து வாயில் போட்டு, மென்று, தலையைத் தூக்காமல், "உப்பு கம்மி" என்றான். அதன் பிறகுதான் என்ன தின்கிறோம் என்று பார்த்தான்.

அதற்குப்பின் அரிசி பட்டதெல்லாம் அப்படியே ஆனது. காலையில் இட்லிக்கு ஊற்றினால் தட்டின் குழிக்கொன்றாகத் தேங்காய் ஜாம் பன், மத்தியானம் உலை வைத்தால் அன்னாசி பன், உப்புமாவுக்கு அரிசி ரவை கிண்டினால் எள் உருண்டை. குழம்பும் ரசமும் மட்டும் குழம்பும் ரசமுமாகவே இருந்தன, அடுப்பிலிருந்து இறக்கும்போதே ஆறிப்போய்.

இப்போது எங்கள் ஜனத்தைப் பற்றிச் சொல்கிறேன். அழுவார்கள், பயப்படுவார்கள், குறைந்தது அவளிடம் என்னம்மா ஆச்சு என்றாவது கேட்பார்கள் என்று நினைத்தேன். மறுநாள் காலை அவர்கள் செய்த முதல் காரியம், அது சைவமா அசைவமா என்று கூட்டம் போட்டது. முட்டை வாசனை வருகிறதே என்றார் ஒருவர். நெல்லையப்பன் மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "உள்ள போனது என்ன? பொன்னி அரிசியும் தண்ணியும். வச்சது யாரு? குளிச்சு முழுகின நம்ம வீட்டுப் பொண்ணு. பிள்ளையாருக்கும் காட்டியாச்சு. அப்போ வெளிய வந்தது எந்த ரூபத்துல இருந்தா என்னய்யா, அது சோறுதான்." எல்லாருக்கும் அது பரம திருப்தியாக இருந்தது. எதிர்த்த கடையில் ஐந்து தின்றதற்குத் தலைக்கு ஊற்றச் சொன்னவர்கள், அதையே நம் குக்கரிலிருந்து ஆளுக்கு எட்டு தின்றார்கள்.

மூன்றாம் நாளைக்குள் பேர்கூட வைத்துவிட்டார்கள், உருண்டைச் சோறு என்று. அன்னாசி பன்னைத் தோலுரித்து ரசத்தில் ஊறவைத்தால் பரவாயில்லை என்று ஒருவர் கண்டுபிடித்தார். முட்டை டார்ட்டுக்குத் தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாயைப்போல வராது என்று இன்னொருவர் சொன்னார். எள் உருண்டையை மோரில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டார்கள். ஒரே ஒரு குறைதான் எல்லாருக்கும். "ஆறிப்போயிருக்கே." காலையிலும் அதையே சொன்னார்கள், மத்தியானமும் சொன்னார்கள், ராத்திரியும் சொன்னார்கள். "ஆறினதத் தின்னா வயிறு என்னத்துக்கு ஆகும்? மனுசன் திங்கிறதா இது?" அவர்கள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் மதினி கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், ஒன்பது வருஷமாக ஆறினதைத் தின்கிறவள்.

எல்லாரும் எழுந்த பிறகு அவள் தன் பங்கை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்காருவாள். அவள் கடிக்கும்போது உருண்டையிலிருந்து ஆவி வரும். அவள் வாயில் மட்டும் சூடு. இதை நெல்லையப்பன் மாமா ஒளிந்திருந்து பார்த்துவிட்டார். அன்றைக்கு ராத்திரிப் பந்தியில், பரிமாறும் முன் ஒவ்வொரு உருண்டையையும் அவள் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பிடித்துச் சூடாக்கித் தர வேண்டும் என்று சொல்ல, பெரியண்ணனும் சரி என்றான். முப்பத்தொரு பேருக்கும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்துக் கொடுத்தாள். ஒன்றுகூடச் சூடாகவில்லை. அப்போதாவது நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

நாலாம் நாள் காலை பெரியண்ணன் கோவில்பட்டி ஜோசியருக்குப் போன் போட்டான். ஜோசியர் தென்கிழக்கில் அக்னி கோபமாக இருக்கிறது என்றார். தென்கிழக்கில் கடல்தான் இருந்தது. ஆகவே கோபத்தோடு எதிர்த்த ரொட்டிக்கடைக்குப் படையெடுத்தார்கள், இரண்டு அண்ணன்களும் நெல்லையப்பன் மாமாவும், எங்கள் குக்கரில் வந்த ஐந்து வகையையும் ஒரு தட்டில் சாட்சியாக எடுத்துக்கொண்டு. நான் பின்னாலேயே போனேன்.

"எங்க வீட்டுப் பொம்பளைக்கு நீ எதையோ வச்சிட்ட. அத எடு" என்றான் பெரியண்ணன்.

ஆ மோய் தட்டிலிருந்து ஒரு பாசிப்பயறு உருண்டையை எடுத்துக் கடித்தாள். மென்றாள். முகத்தைச் சுளித்துத் துப்பினாள். "பாக்க என் கடை சாமான் மாறி இருக்கு. ஆனா என் சாமான் இல்ல. இது ஆறிப் போச்சு. இத யாரு செஞ்சது?"

"இவன் சம்சாரம்."

"செஞ்சிட்டு மொதல்ல அவ சாப்புட்டாளா?"

"அவ கடைசியிலதான் சாப்பிடுவா" என்றான் சின்னண்ணன், இது என்ன கேள்வி என்கிற மாதிரி.

"அப்ப போயி அவகிட்ட கேளு. என்கிட்ட எதுக்கு வந்த?" கதவுப் பலகையை எடுத்து மாட்ட ஆரம்பித்தாள். மூன்று பேரும் சாட்சித் தட்டோடு திரும்பி வந்தார்கள். வந்தவர்களில் ஒருவரும் மதினியிடம் போய்க் கேட்கவில்லை.

இப்போது என் பங்கு. அன்று மத்தியானம் எனக்குச் சோற்று ஆசை பொறுக்க முடியவில்லை. மூட்டையிலிருந்து ஒரு கை அரிசியை முந்தானையில் முடிந்து கொண்டுபோய், அறைக் கதவைத் தாழ்போட்டு, தண்ணீர் சுடவைக்கும் கெட்டிலில் போட்டேன். அரை மணியில் சோறு. வெறும் சோறு, வெள்ளைச் சோறு, விரலைச் சுடுகிற சோறு. குளியலறையில் நின்றுகொண்டு ஊறுகாயைத் தொட்டுத் தின்றேன். கெட்டிலில் ஒட்டிய மிச்சத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிச் சாக்கடைத் துளையில் தள்ளினேன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அரிசியில் கோளாறில்லை, தண்ணீரில் கோளாறில்லை, அவள் கையைத் தவிர வேறு யார் கை வைத்தாலும் அது சோறாகும். ஓடிப்போய்க் கூடத்தில் சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. சொன்னால் யார் உலை வைப்பது என்ற கேள்வி வரும், வந்தால் முப்பத்தொரு பேரும் என்னைத்தான் பார்ப்பார்கள். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பவள், லீவு எடுத்து வந்தவள், எனக்கு மாலையில் கடற்கரைக்குப் போக வேண்டும். வாயைக் கழுவிக்கொண்டு கீழே போய் எல்லாரோடும் உட்கார்ந்து ஆறின உருண்டையைத் தின்றேன், "ஆறிப்போச்சே" என்றும் சொன்னேன்.

அன்று சாயங்காலம் மதினி மூட்டையைத் தூக்கிப் பார்த்து, "நான் அளந்து போடுறதுக்கு மேலயே அரிசி குறையுது ஆவுடை. எலி இருக்கும்போல" என்றாள். நான், "இருக்கும் மதினி" என்றேன்.

ஐந்தாம் நாள் காலை லாட்ஜின் குளியலறை ஒவ்வொன்றிலும் தண்ணீர் போகாமல் நின்றது. மேல்மாடியில் நின்றது, கீழ்மாடியில் நின்றது, கடைசியில் கூடத்தின் மூலையிலிருந்த துளை வழியாகப் பொங்கி வந்தது. லாட்ஜைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரர், பாக் மாட் என்று எல்லாரும் கூப்பிடுவார்கள், நீளமான கம்பியோடு வந்து பின்தாழ்வாரத்துக் குழாயைத் திறந்தார். கம்பியை விட்டு இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. கூடத்தில் காலைப் பந்திக்கு உட்கார்ந்திருந்த எல்லாரும் எட்டிப் பார்க்க, அவர் வாளி நிறைய அள்ளிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்தார்.

"நாசி" என்றார். மலாயில் அதற்குச் சோறு என்று அர்த்தம்.

வெந்த சோறு. ஒரு வாளி. பிறகு இரண்டாவது வாளி. ஒரு கெட்டில் சோறு இவ்வளவு இருக்காது, பத்துக் கெட்டில் சோறும் இவ்வளவு இருக்காது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பெரியண்ணன் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெல்லையப்பன் மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். சின்னண்ணனின் காது சிவந்துவிட்டது. ஒவ்வொரு அறையிலும் ஒரு கெட்டில் இருந்தது, ஒவ்வொரு அறைக் கதவுக்கும் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. மூன்று நாளாக எல்லாரும் தின்றிருக்கிறோம், எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அவளைக் குறை சொல்லியிருக்கிறோம். அக்னியைக் கேட்டோம், சீனக்காரியைக் கேட்டோம், அவள் கையில் உருண்டையைப் பிடித்துச் சூடாக்கச் சொன்னோம், ஆனால் நான் வைக்கிறேன் நீ உட்கார் என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. முட்டை டார்ட்டைச் சாம்பாரில் பிசைந்து தின்பது அதைவிடச் சுலபமாக இருந்திருக்கிறது எங்களுக்கு. த்தூ என்று என் முகத்திலேயே துப்பிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மதினி வாளிக்குப் பக்கத்தில் குந்தினாள். ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பதம் பார்த்தாள்.

"வெந்திருக்கு" என்றாள்.

இன்னொன்றை நசுக்கினாள். "இது கொழஞ்சிருச்சு. தண்ணி கூட." இன்னொன்று. "இது நடுவுல அரிசியா நிக்கி." ஒவ்வொரு பருக்கையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொல்லி, நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். குரல் ஏறவே இல்லை. "எல்லாத்துக்கும் உல வைக்கத் தெரிஞ்சிருக்கு. இத்தன வருசமா எனக்குத்தான் அது தெரியாமப் போச்சு."

"மதினி, நானும்தான்" என்றேன். "கெட்டில்ல வச்சேன். அன்னிக்கு அந்தக் கடையில மூணு தின்னேன். வெளிய நின்னேன்னு பொய் சொன்னேன்."

"தெரியும். ஒன் ரவிக்கையில எள்ளு ஒட்டியிருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். கையைக் கழுவினாள். முதல் பந்தியில் முதல் இடம் பெரியண்ணனுடையது, பிள்ளையாருக்கு நேர் எதிரே. அங்கே போய்த் தட்டை எடுத்து முன்னால் வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பசிக்குது" என்றாள்.

ஒருத்தரும் அசையவில்லை. பெரியண்ணன் என்னைப் பார்த்து, "ஆவுடை, நீ போயி வையி" என்றான்.

"நான் மாட்டேன்."

"என்னட்டி மாட்டேங்க?"

"மாட்டேன்னா மாட்டேன். நான் வச்சா நாளையிலேருந்து நான்தான் வைக்கணும். சின்னண்ணன வைக்கச் சொல்லு."

பெரியண்ணன் மற்ற பெண்களைப் பார்த்தான். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு வரிசையாகத் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன். பிறகு இன்னொருத்தி. மதினி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்துச் சின்னண்ணன் எழுந்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். "எவ்வளவு அரிசி போடணும்?" என்று கேட்டான். மதினி பதில் சொல்லவில்லை. "பருப்பு எதுல இருக்கு?" பதில் இல்லை. தாழ்வாரத்தில் டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது, எதையோ கீழே போட்டு உடைத்தான், கையைச் சுட்டுக்கொண்டு கத்தினான், அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டு மஞ்சள் தூளைக் கொட்டி மூடினான். ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் மதினி உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை, போய் எட்டிப் பார்க்கவும் இல்லை.

குக்கரைத் தூக்கிவந்து கூடத்தில் வைத்து மூடியைத் திறந்தான். சோறு. குழைந்து, அடிப்பிடித்து, அசட்டு மஞ்சளாக, ஆனால் பருப்புச் சோறு. அறை முழுக்க ஆவி. சின்னண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் போட்டு, ஊதி, வாய்க்குக் கொண்டுபோனான்.

"எச்சில்!" என்று அலறினார் நெல்லையப்பன் மாமா. "சாமிக்கு இன்னும் காட்டலல்லாடா!"

சின்னண்ணனின் கை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவன் உள்ளங்கையைப் பார்த்தான். குக்கரைப் பார்த்தான். கையில் இருந்ததை உதறிவிட்டுக் கழுவினான், பிள்ளையாருக்குக் காட்டினான், ருசி பார்க்காத சோற்றை ஒரு கரண்டி அள்ளி மதினியின் தட்டில் போட்டான். ஆவி அவள் முகத்தில் அடித்தது. அவள் ஊதவில்லை. விரல் சுடச்சுடப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தாள். முப்பத்தொரு பேர் அவள் தாடை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மென்றாள், விழுங்கினாள், தலையைத் தூக்கவில்லை.

"உப்பு கம்மி" என்றாள்.

சின்னண்ணன் கரண்டியோடு நின்றான். பெரியண்ணன் பதறி, "உப்பு எங்கடா?" என்றான். சின்னண்ணன் தாழ்வாரத்துக்கு ஓடினான், பின்னாலேயே நெல்லையப்பன் மாமா ஓடினார், இன்னும் நாலு பேர் ஓடினார்கள். மூட்டைகளைப் பிரித்தார்கள், டப்பா டப்பாவாகத் திறந்து முகர்ந்தார்கள், சர்க்கரையை நாக்கில் வைத்துப் பார்த்து வைத்துப் பார்த்து ஏமாந்தார்கள். ஒன்பது வருஷமாகக் காசியிலும் கண்டியிலும் அந்த டப்பா எங்களோடுதான் வந்திருக்கிறது. அது என்ன நிறம் என்றுகூட எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவளிடம்தான் கேட்க வேண்டும், கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

அவளாகச் சொல்லவில்லை. சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.